தொட்டியில் ஒரு ஹியூவன் மரம்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், பாஸ் நீரிணைக்கு அப்பால், டாஸ்மேனியா என்னும் தீவு உள்ளது. அத்தீவுக்கு உரிய மரம் ஒன்றை நேயர்கள் அனைவரும் அறிவார்கள். கண்ணால் கண்டிராதவரும் மணத்தால் அறிவார்கள். சளி பிடித்த நாளில் மார்பிலும் நெற்றியிலும் தடவிக்கொள்கிறோமே நீலகிரித் தைலம், அந்தத் தைலத்தைத் தரும் மரம் நீலகிரியில் தோன்றியதன்று. டாஸ்மேனியாவிலும், அதற்கு நேர் வடக்கே உள்ள விக்டோரியா மாநிலத்திலும் இயற்கையாக வளர்வது அது. 1843-ஆம் ஆண்டையொட்டி உதகமண்டலத்துக்கு அது கொண்டுவரப்பட்டது. மலைச் சோலைகளை வெட்டித் தீர்த்தவர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. விரைந்து வளரும் மரமாகவும் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே வானளாவ உயர்ந்த அந்தக் கற்பூர மரம், மலையின் தோற்றத்தையும் மாற்றி, மலையின் பெயரையும் தனதாக்கிக்கொண்டது.

அதே தீவில், அதற்கு முற்றிலும் எதிரான இயல்புடைய மற்றொரு மரம் உண்டு. அது எந்த நாட்டுக்கும் விறகுக்காக அனுப்பப்படவில்லை, அனுப்பியிருந்தாலும் பயனில்லை. காட்டில் அதன் அடிமரம் ஓராண்டில் பருப்பது சராசரியாக 1 மில்லிமீட்டர்தான். இடத்துக்கு ஏற்ப இது சற்றுக் கூடும், பெரும்பாலும் குறையும். ஒரு தாயார் தம் குழந்தை பிறந்த அன்று அதன் அடிமரத்தை அளந்து வைத்து, அந்தக் குழந்தைக்கு மணமாகும் நாளில் மீண்டும் அளந்தால், இரண்டரைச் சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால் அதிகம். இந்த மரத்துக்கு ஹியூவன் பைன் என்று பெயர். இத்தகைய ஒன்றைச் சிறு தொட்டியில் போன்சாயாக வளர்ப்பவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அது எவ்வாறு இயலும், எந்த வழியில் இயலும், எந்த வழியில் செல்லலாகாது என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இத்தகைய பெயர்கள் எப்போதும் ஒரு தொல்லை. ஹியூவன் பைன் என்பதில் பைன் என்னும் சொல் இருந்தாலும், அது பைன் இனத்தைச் சேர்ந்ததன்று. கப்பலில் வந்த ஐரோப்பியர், தமக்குப் பழக்கமான பெயரைத் தாம் கண்டதற்கெல்லாம் சூட்டிவிட்டார்கள். ஊசியிலை மரம் என்று தமிழாக்கலாமா என்றால், இதன் இலை ஊசி போன்றதும் அன்று. மீனின் செதில் போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்டையே மூடிக்கொண்டிருப்பது. தேவதாரு என்பதோ இமயமலையில் வளரும் வேறொரு மரத்துக்கு உரிய பெயர். தாவர நூலார் இதனைப் பொடோகார்ப்பஸ் குடும்பத்தில் வைக்கிறார்கள். அந்தக் குடும்பம் நமக்கு அந்நியமன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், மனிதர் கொண்டுவந்து நடாமல் தானே வளரும் கூம்புத் தாவர மரம் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆக, ஹியூவன் என்றே அழைத்துவிடுவோம். 1790-களில் அத்தீவுக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் ஹியூவன் தெ கெர்மதெக் என்பவரின் பெயரை ஓர் ஆறு பெற்றது. ஆற்றின் பெயரை மரம் பெற்றது.

தீவின் மேற்குப் பகுதி மழைக்குப் பெயர்போனது. அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் பல. கோர்டன் முதலிய ஆறுகளின் நீர், புல்லும் பாசியும் மக்கிய கரிய மண்ணில் ஊறி வருவதால், பால் விடாத தேநீரின் நிறத்தில் ஓடுகிறது. அந்த ஆற்றங்கரைகளில், குளிரிலும் நிழலிலும் ஈரத்திலும் ஹியூவன் நிற்கிறது. உயரம் பெரும்பாலும் 20 மீட்டருக்குள்ளேதான். கிளை நுனிகள் துவண்டு தொங்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஈராயிரம் ஆண்டைக் கடந்த மரங்கள் உண்டு. 3,000 ஆண்டை எட்டியவையும் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சங்கப் புலவர்கள் வாழ்ந்த நாளில் முளைத்த ஒரு செடி இன்றும் துளிர் விடுகிறது என்றால் நேயர்கள் அந்தக் காலத்தின் நீளத்தை ஒருவாறு உணரலாம்.

அடிமரத்தின் குறுக்கே ஓடும் ஆண்டு வளையங்கள் மிக நெருக்கமானவை. பென்சில் பருமனுள்ள நுண்துளைக் கருவியால் மரத்தைக் கொல்லாமலே ஒரு சலாகையை எடுத்து, அறிஞர்கள் அந்த வளையங்களை எண்ணுகிறார்கள். வெப்பம் மிகுந்த ஆண்டில் வளையம் சற்று அகன்றும், குளிர்ந்த ஆண்டில் குறுகியும் இருக்கும். ரீட் மலையில் நின்ற ஹியூவன் மரங்களைக் கொண்டு 1,089 ஆண்டுகளின் வெப்பநிலையைக் கணித்து 1991-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1965-க்குப் பின் அங்கே கண்ட வெப்பம் வழக்கத்துக்கு மாறானது என்று அந்த ஆய்வு கூறியது. பின்னர் அந்தக் கணக்கு 3,600 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. வானிலை நிலையங்கள் இல்லாத காலத்துக்கு இந்த மரமே பதிவேடு.

இவ்வளவு மெல்ல வளரும் மரத்தை மனிதன் மெல்ல வெட்டினான் என்று சொல்ல இயலவில்லை. 1822-இல் மக்குவாரித் துறைமுகத்தில் உள்ள சாரா தீவில் ஆங்கிலேயர் ஒரு கொடுஞ்சிறையை நிறுவினார்கள். கைதிகளைக் கொண்டு ஹியூவன் மரத்தை வெட்டுவித்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொணர்ந்து, அங்கேயே கப்பல் கட்டுவித்தார்கள். 1833-இல் சிறை மூடப்பட்டபின், முடிவடையாமல் நின்ற கடைசிக் கப்பலை முடித்துக் கொடுக்க நிறுத்தப்பட்ட கைதிகளில் பத்துப் பேர், அடுத்த ஆண்டு தைத் திங்களில் அதே கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு பசிபிக் கடலைக் கடந்து சிலி நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது தனியே ஒரு பேச்சுக்கு உரிய கதை. கப்பல் கட்டுவோர் இந்த மரத்தை விரும்பியதற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய். மெத்தில் யூஜினால் என்னும் பொருள் அதில் மிகுதி. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலுக்கு நெருங்கிய உறவு. அதனால் கட்டை மணக்கும்; உளுக்காது; கடற்புழுவும் எளிதில் அணுகாது; நீரில் கிடந்தாலும் எளிதில் மக்காது. காட்டுத் தரையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த கட்டைகூட இழைத்தால் பொன்னிறமாக மின்னுகிறது. இன்று உயிருள்ள மரங்களில் பெரும்பகுதி காப்பகங்களுக்குள் உள்ளது. கடைக்கு வரும் கட்டை, முன்னாளில் வெட்டி விடப்பட்டதும், காட்டிலும் நீரிலும் கிடந்து மீட்கப்பட்டதுமே. 1983-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், கோர்டன் ஆற்றில் ஓர் அணை கட்டுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. அணை எழுந்திருந்தால் இத்தகைய ஆற்றங்கரைக் காடுகள் நீருள் மூழ்கியிருக்கும்.

இனித் தொட்டிக்கு வருவோம். போன் என்பது ஆழமற்ற தட்டு. சாய் என்பது நடுதல். தட்டில் நட்டது என்பதே ஜப்பானியச் சொல்லின் பொருள். சீனத்தில் பென்ஜிங் என்ற பெயரில் தோன்றி, ஜப்பானில் செம்மை பெற்ற கலை இது. மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவது போன்சாய் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தொட்டி மரம் நன்றாக உண்டு, நன்றாகக் குடித்து, நலமாக இருக்க வேண்டும். வேரையும் கிளையையும் அளவறிந்து கத்தரிப்பதாலேயே அது சிறிதாக நிற்கிறது. சிறுமை மட்டும் அதன் நோக்கமன்று. முழங்கை உயரமே உள்ள ஒன்றைக் கண்டவுடன், மலைச்சரிவில் பல காலம் காற்றோடு போராடிய முதுமரத்தைக் கண்டது போன்ற உணர்வு எழவேண்டும்.

ஆஸ்திரேலியர் இந்தக் கலையைத் தொடங்கிய காலத்தில் ஜப்பானிய மேப்பிளையும் ஜூனிபரையுமே வளர்த்தார்கள். பிறகு தம் நாட்டு மரங்கள்பால் அவர்கள் கவனம் திரும்பியது. சிட்னிப் பகுதியில் வளரும் போர்ட் ஜாக்சன் அத்தி அவர்களுக்கு எளிதில் வசப்பட்டது; அது நம் ஆலுக்கும் அரசுக்கும் உடன்பிறப்பு. விரைவில் பருக்கும், எங்கே வெட்டினாலும் துளிர்க்கும், வெட்டுக்காயம் விரைவில் மூடும். பாங்க்சியா என்னும் மரமும் தொட்டிக்கு வந்தது. ஆனால் மணிச்சத்து மிகுந்த உரத்தை இட்டால் அதன் வேர் துன்புறும், ஏனெனில் ஏழை மண்ணில் பழகிய குடும்பம் அது. கான்பெரா நகரில் 2003-ஆம் ஆண்டுக் காட்டுத் தீயில் எரிந்த பைன் தோட்டங்களின் நிலத்தில் தேசிய மரப் பூங்கா ஒன்றை அமைத்து, 2013-இல் திறந்தார்கள். அந்நாட்டின் தேசிய போன்சாய்த் தொகுப்பு இன்று அங்கேதான் உள்ளது. அயல்நாட்டு மரங்களோடு உள்நாட்டு மரங்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன.

ஹியூவனுக்கு வரும்போது இக்கலையின் வழக்கமான கணக்குகள் தடுமாறுகின்றன. முதுமையின் தோற்றம் பெரும்பாலும் அடிமரத்தின் பருமனால் உண்டாவது. அடிமரத்தின் குறுக்களவு உயரத்தில் ஆறில் ஒரு பங்காக இருத்தல் நலம் என்பது ஆசான்கள் வகுத்த பொது விதி. 30 சென்டிமீட்டர் உயர மரத்துக்கு 5 சென்டிமீட்டர் அடிமரம் வேண்டும். காட்டுக் கணக்கில் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் என்றால், அதற்கு 50 ஆண்டு. நாற்றுப் பண்ணையில் நல்ல மண்ணும் உரமும் கிடைத்தால் வளர்ச்சி சற்று விரையும் என்பது உண்மையே. ஆயினும் நாற்பது வயதில் தொடங்கியவர், அடிமரத்தின் பருமனைக் காட்டி நண்பர்களை வியக்கவைப்பதற்குள் முதியவராகிவிடுவார்.

இந்த இடத்தில்தான் குறுக்கு வழி ஒன்று ஆசை காட்டுகிறது. மலையில் இயற்கையாகவே குறுகிக் கிடக்கும் முதுமரத்தைத் தோண்டி எடுத்து வந்து தொட்டியில் வைத்துவிட்டால், ஐநூறு ஆண்டு வேலையை இயற்கை முன்பே முடித்து வைத்திருக்கும். ஜப்பானியர் இதனை யமடோரி என்பார்கள். மலையிலிருந்து எடுத்தது என்று பொருள். சாலை போடும் இடத்திலும், எப்படியும் அழியப்போகும் இடத்திலும், உரியவர்களின் இசைவோடு எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் இந்தப் பழக்கம் பரவி, ஜப்பானிய மலைகளில் அழகிய ஜூனிபர் மரங்கள் அரிதாகிப் போயின என்பதும் வரலாறு. ஹியூவனை இவ்வாறு எடுப்பது டாஸ்மேனியாவின் காப்பகங்களில் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விரைந்து வளரும் மரத்தைத் தோண்டினால் அந்தக் குழியை இன்னொன்று பத்தாண்டில் நிரப்பும். இதனைத் தோண்டினால், தோண்டியவனின் பேரனுக்குப் பேரனும் அந்தக் குழி நிரம்பியதைக் காணமாட்டான். எடுத்த மரமும் பிழைக்கும் என்று உறுதி இல்லை. முதிர்ந்த வேரைக் கலைத்தால் பல மரங்கள் மெல்ல வாடிப் போகும். தொட்டிக் கலையில் தேர்ந்தவர் என்று பெயர் வாங்கியவரும் இதனைச் செய்தால் அதனைக் கலை என்று ஏற்க நம் மனம் ஒப்பவில்லை.

எனவே நேர்வழி ஒன்றே, கிளைக்குச்சி. டாஸ்மேனியாவின் நாற்றுப் பண்ணைகள் ஹியூவனைக் குச்சியிலிருந்து வளர்த்து விற்கின்றன. அவ்வாண்டுத் துளிரின் அடிப்பகுதி சற்று முற்றியபின், விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ்ப்பகுதிச் செதிலை நீக்கி, மணலும் மக்கிய பாசி மண்ணும் கலந்த கலவையில் நட்டு, மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மூடி, ஈரக் காற்று வெளியேறாமல் வைக்கிறார்கள். வேர் பிடிக்க மாதங்கள் பல ஆகும். பொறுமையற்றவர் வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதாலேயே பல குச்சிகள் சாகின்றன. இது எந்தக் குச்சிக்கும் பொருந்தும்.

வேர் பிடித்தபின் பராமரிப்பு கடினமன்று, ஆனால் தவறக் கூடாதது. ஆற்றங்கரை மரம் என்பதை மறவாதிருந்தால் போதும். மண் ஒருநாளும் முழுவதும் உலரலாகாது. அதே வேளையில் நீர் தேங்கி அழுகவும் கூடாது. சுண்ணாம்பு கலந்த நீர் உகந்ததன்று, மழைநீரே உத்தமம். காலை வெயில் படலாம். நடுப்பகல் வெயிலுக்கு நிழல் வேண்டும். அனற்காற்று வேண்டவே வேண்டாம். உரம் மெல்லியதாக, வளரும் பருவத்தில் மட்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பர் மாதத்தில் (நமக்குப் புரட்டாசி பிறக்கும் வேளையில்) தொட்டி மாற்றலாம். அப்போது வேரிலுள்ள பழைய மண்ணை முழுவதும் கழுவிவிடாமல், ஓரத்து வேர்களை மட்டும் சிறிதளவு கத்தரித்தல் நன்று.

கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும்போதுதான் இந்த மரம் வளர்ப்பவருக்குப் பாடம் கற்பிக்கிறது. அத்தியில் தடித்த கிளையை வெட்டினால் சில ஆண்டில் தழும்பு மூடிவிடும். ஹியூவனில் மூடாது, மூடுவதற்கு வேண்டிய புதிய மரம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகவே வரவேண்டும். எனவே எந்தக் கிளை வேண்டும், எந்தக் கிளை வேண்டாம் என்பதை அது தீக்குச்சிப் பருமனில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்ற சலுகை இல்லை. இளங்கிளை நன்றாக வளையும்; அலுமினியக் கம்பியைச் சுற்றி விரும்பிய பக்கம் திருப்பலாம். கம்பி தோலை வெட்டும் அச்சம் இங்கே குறைவு. ஆனால் திரும்பிய நிலையில் கிளை நிலைபெறவும் அதற்கேற்ப நாளாகும். நுனிகள் இயல்பாகவே தொங்குவன. அவற்றை ஜப்பானியப் பைன் போல மேகம் மேகமாக அடுக்கிக் காட்ட முயல்வோர் உண்டு. அது மரத்தின் முகத்துக்கு வேறொருவர் முகமூடியை அணிவிப்பதாகவே நமக்குப் படுகிறது.

ஒன்றில் மட்டும் ஹியூவன் வளர்ப்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. பட்டுப்போன கிளையையும், பட்டை உரிந்து வெளுத்த தண்டையும் அப்படியே விட்டு, முதுமையைக் காட்டுவது போன்சாயில் ஒரு முறை. பல மரங்களில் அந்தச் செத்த கட்டை மழையில் நனைந்து சில ஆண்டில் உளுத்துவிடும். மருந்து பூசிக் காக்க வேண்டும். ஹியூவனில், கப்பல்காரர்கள் போற்றிய அதே எண்ணெய், சுண்டுவிரல் பருமனுள்ள பட்ட கிளையையும் நெடுநாள் காக்கிறது.

அடிமரம் பருக்கவில்லை என்ற குறைக்கு என்ன செய்வது? விடை ரீட் மலையிலேயே இருக்கிறது. அங்கே சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், ஜான்ஸ்டன் ஏரியை ஒட்டி, ஒரு ஹெக்டேர் அளவில் ஒரு ஹியூவன் கூட்டம் நிற்கிறது. ஆராய்ந்தபோது அத்தனையும் ஆண் மரங்கள் என்றும், மரபணுவால் அத்தனையும் ஒன்றே என்றும் தெரிந்தது. பனியின் பாரத்தால் கிளை தாழ்ந்து மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் வேர்விடும். அதுவே அடுத்த மரமாகும். தாய்த்தண்டு மடிந்தாலும் சேய்த்தண்டு நிற்கும். நம் தோட்டக்காரர்கள் பதியன் போடுகிறார்களே, அதையே மரம் தனக்குத்தானே செய்துகொள்கிறது. அருகிலுள்ள ஏரியின் அடிச்சேற்றில் கிடைத்த மகரந்தத்தைக்கொண்டு, சுமார் 10,000 ஆண்டுகளாக அந்த ஆண் மரம் அங்கேயே இருந்துவருகிறது என்று மதிப்பிடுகிறார்கள். தனித்தனித் தண்டு எதுவும் அவ்வளவு பழையதன்று. அந்த உயிர் பழையது.

போன்சாய் வடிவங்களில் தெப்பம் என்று ஒன்று உண்டு. இளமரம் ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி மண்ணில் பதித்து, மேல்நோக்கிய கிளைகளைத் தனித்தனி மரங்களாக எழவிடுவது. சில ஆண்டில் கிடந்த தண்டு வேர்விட்டு மறைய, ஒரே தட்டில் ஐந்தாறு மரங்கள் கொண்ட சிறு காடு நிற்கும். இது ஜப்பானியரின் கற்பனை என்று எண்ணியிருந்தோம். ரீட் மலையில் நடப்பதைப் படித்தபின், இயற்கை இதனை மிக முன்பே செய்துவிட்டது என்று தெரிகிறது. ஹியூவனைத் தொட்டியில் வளர்ப்பவருக்கு இதனினும் பொருத்தமான வடிவம் இல்லை. காட்டில் நெருங்கி நிற்கும் மெல்லிய தண்டுகளுக்குப் பருமன் தேவையில்லை. மெல்லியவை பல சேர்ந்தால் ஆழம் தோன்றும். தனித்தனிக் குச்சிகளையே ஏழோ ஒன்பதோ ஓர் ஆழமற்ற தட்டில், உயரத்தில் ஏற்றத்தாழ்வு வைத்து நட்டாலும் தோப்பாகும். ஐம்பதாண்டு காத்திருக்க வேண்டிய இடத்தில், எட்டுப் பத்தாண்டில் கண்ணுக்கு நிறைவான ஒன்று அமையும். அதுவும் மரத்தின் சொந்த இயல்புக்கு மாறாமல் அமையும்.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டு மரத்தின் கிளையில் ஒடித்த விரல் நீளக் குச்சிக்கு வயது என்ன? நட்ட நாளிலிருந்து எண்ணினால் ஒன்று; உயிரின் தொடர்ச்சியை எண்ணினால் ஆயிரம். தோண்டி எடுத்து வந்தவரிடம் இருப்பது ஓர் உயிரின் முழு உடல். குச்சி நட்டவரிடம் இருப்பதும் அதே உயிர்தான், ஆனால் மலையில் ஒன்றும் குறையவில்லை.

வளர்ப்பவரின் வாழ்நாளுக்குள் முடியாத வேலை இது என்பது போன்சாய் உலகுக்குப் புதிதன்று. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்த வெள்ளைப் பைன் ஒன்று 1625 முதல் தொட்டியில் பயின்றது. 1945-இல் அணுகுண்டு விழுந்தபோது அந்த வீட்டின் மதிலுக்குள் இருந்து தப்பியது. 1976-இல் மசாரு யமாகி அதனை அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். குண்டிலிருந்து தப்பியது என்ற செய்தியை அவர் அப்போது விரித்துரைக்கவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து மரத்தைக் கண்டபோதே அது பலருக்கும் தெரிந்தது. ஊர்விட்டு ஊர் மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்கு இது புரியாததன்று. அடுத்து அந்த வீட்டுக்கு வருபவர் தண்ணீர் ஊற்றுவார் என்று நம்பித்தானே வாசலில் வேம்பை நட்டுவிட்டுப் போகிறோம்.

தொட்டியில் வளர்ப்பதால் ஹியூவன் இனம் காக்கப்பட்டுவிடும் என்று சிலர் பேசுவது மிகை. 2016 ஜனவரியில் மின்னல் மூட்டிய தீ, டாஸ்மேனியாவின் நடு மேட்டுநிலத்தில் பென்சில் பைன் என்னும் மற்றொரு முதுமரக் கூட்டத்தை எரித்தது. யூகலிப்டஸ் எரிந்தபின் மீண்டும் துளிர்க்கும். பென்சில் பைன் துளிர்க்காது. ஹியூவனும் தீயைத் தாங்காத இனமே. ஈரம் காய்ந்து தீ நுழையும் காலம் வந்தால், மாடியிலுள்ள தட்டுகளால் காட்டுக்கு ஈடு செய்ய இயலாது. தொட்டி மரம் செய்யக்கூடியது வேறு: ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு நேரம் என்பதை நாள்தோறும் நீர் ஊற்றுபவருக்கு அது தெரிவிக்கிறது. அது தெரிந்தவர் மலையில் மண்வெட்டியை எடுக்க மாட்டார்.

டில்லியிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் இருந்து கேட்கும் நேயர்கள், இந்த மரத்தை வரவழைக்கலாமா என்று எண்ணக்கூடும். இந்தியாவுக்குள் செடி கொண்டுவருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை கட்டுப்படுத்துகிறது. இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் இன்றிப் பெட்டியில் ஒளித்துக் கொணர்வது குற்றம். அப்படியே முறைப்படி வந்தாலும், வைகாசி வெயிலில் ஹியூவன் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மெதுவாக வளரும் மரம் ஒன்றைத் தொட்டியில் பழக விரும்புவோர்க்கு, சமையலறையிலேயே விதை இருக்கிறது. புளி மரம் மெல்ல வளர்வது, சிற்றிலை உடையது, இளமையிலேயே பட்டை வெடித்து முதுமை காட்டுவது. புதுடில்லியின் அக்பர் சாலையில் நிழல் தருவதும் அதுவே. ரசத்துக்குக் கரைக்கும் புளியில் அகப்படும் முழுக் கொட்டையை ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்து, விரற்கணு ஆழத்தில் நட்டால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். குளிர்காலத்தில் மார்கழி, தை மாதப் பனி படாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் அதன் இலைகள் இணைந்து மூடிக்கொள்ளும். வாடிவிட்டது என்று எண்ணி இரவில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலையில் தாமே விரியும்.